பூஜையில் வைத்த டிஸ்க்

ஒரு சர்வரை எடுத்துவிடுவது என்றால் பிளக்கைப் பிடுங்குவது என்றுதான் எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் நினைப்பு. தொண்டை வற்றச் சொல்லியும் யாருக்கும் ஏறவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்கிற மாதிரி அது. முதலில் புதுச் சாமான் உள்ளே வருவதை நிறுத்த வேண்டும். இருப்பதையெல்லாம் புது இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒன்றும் மிச்சமில்லை என்று பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுக்கலாம்.

நான் வேலை பார்ப்பது பாலக்காட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில். எடுக்கிற படங்கள் முதலில் எங்கள் அறையிலுள்ள, படங்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மூன்று கேஷ் சர்வர்களில் ஏதாவது ஒன்றில் விழும். அங்கிருந்து மெதுவாகக் கொச்சியிலுள்ள பெரிய ஸ்டோரேஜுக்குப் போகும். போய்ச் சேரும்வரை அந்தப் படத்துக்கு வேறு பிரதி கிடையாது. ஸ்கேன் மிஷினில் இடமில்லாததால் அங்கே உடனே அழிந்துவிடும்.

மூன்றில் கிழடாகிப்போன ஒன்றை எடுத்துவிட முடிவானது. கருவிகளையும் புத்தகங்களையும் பூஜையில் வைத்துவிட்டு விஜயதசமிவரை தொடாமலிருக்கும் பூஜை வைப்பு அன்று காலை, இனி அதற்குப் புதுப் படம் எதுவும் போகாதபடி செய்தேன். உள்ளே இருந்தவை ஒவ்வொன்றாகக் கிளம்பின. அன்று பார்த்து இன்டர்நெட் லைன் ஊர்ந்தது. எப்படியும் சாயங்காலம் ஆகிவிடும். வடகரப்பதியில் என் வீட்டில் டிராக்டரும் மோட்டாரும் கழுவக் காத்திருந்தன. போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று மதியமே கிளம்பிவிட்டேன்.

நாலு மணிக்குப் போனில் பார்த்தால் சர்வரையே காணோம். கொச்சிக்குப் போய்ச் சேராமல் ஒரே ஒரு படம் பாக்கி. இடுக்கியில் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் ஒரு அம்மாவின் முதுகு ஸ்கேன். அன்று காலை, நான் நிறுத்துவதற்கு முன்பே முதல் ஆளாக வந்து எடுத்துக்கொண்டு மலைக்குத் திரும்பியிருந்தார். விஜயதசமிக்கு மறுநாள் கோயமுத்தூர் டாக்டர் அதைப் பார்த்துத்தான் ஆபரேஷனுக்கு நாள் சொல்வார்.

மேனேஜருக்குப் போன் போட்டேன். வேலந்தாவளத்துக்காரர், என்னைவிட மூத்தவர்.

“சர்வர் என்னாச்சுங்கண்ணா?”

“பூஜையில வெச்சாச்சுங்க தம்பி. போற மிஷினு பாருங்க, நல்லபடியா அனுப்பலாம்னு டிஸ்க்கெல்லாம் தனித்தனியாக் கழட்டி, ஈரத்துணில தொடச்சு, சந்தனம் வெச்சு...”

“ஈரத்துணியா? ஒடனே மாட்டுங்கண்ணா! ஒருத்தரோட படம் உள்ள நின்னு போச்சு.”

“ஏனுங்க, பூஜைக்கு வெச்சத நடுவுல எடுக்கலாமுங்களா? முதலாளி விடமாட்டாருங்க. விஜயதசமி காலைல எடுத்துக்கலாம்.”

எரிச்சலில் போனைக் கட்டில் மேல் எறிந்தேன். உட்கார்ந்தால் அந்த ஆளைத் திட்டினேன், எழுந்தால் முதலாளியைத் திட்டினேன். நானே ஒரு பஸ் பிடித்துப் போய் எடுத்திருக்கலாம். போகவில்லை. என் லேப்டாப்பும் எங்கள் வீட்டுப் பூஜையில்தான் இருந்தது. அதைத் தொட எனக்கும் கை வரவில்லை.

விஜயதசமி காலையில் முதல் ஆளாக ஆபீசில் நின்றேன். சர்வரில் செருகுகிற டிஸ்க்கின் முனையில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. பிரஷ்ஷால் சுரண்டினேன், ஸ்பிரிட்டால் துடைத்தேன். மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். மூன்று டிஸ்க்கில் இரண்டு உயிர் பெற்று வந்தன. மூன்றாவது வரவே இல்லை. அந்தப் படம் அதில்தான் இருந்தது.

“கொஞ்சந்தானுங்க தம்பி வெச்சேன்,” என்றார் மேனேஜர், பக்கத்தில் நின்றுகொண்டு. அறைந்துவிடலாம் போலிருந்தது. அந்த அம்மாவுக்குப் போன் செய்யச் சொன்னால், ஏதோ வேலை இருப்பதுபோல் வெளியே போய்விட்டார். நானே செய்தேன். படம் அழிந்துபோய்விட்டது, திரும்ப வந்து எடுக்க வேண்டும் என்றேன்.



“நான் அசையவே இல்லையே சார்,” என்றார் அந்த அம்மா. “அசைஞ்சா படம் விழாதுன்னு ஸ்கேன் எடுத்த தம்பி சொன்னாப்ல. வலி உயிரு போச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டு மூச்சக்கூட மெதுவாத்தான் சார் விட்டேன்.”

மேனேஜரைத் திட்ட இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் அங்கே உதவவில்லை.

“உங்க மேல தப்பே இல்லம்மா. நான்தான் வேலையப் பாதியில விட்டுட்டுப் போயிட்டேன்.”

“அப்ப மறுபடியும் அதுக்குள்ள படுக்கணுமா சார்?”

“படுக்கணும்மா,” என்றேன்.