பங்கில்லாதவன்

பிளேஸ்டோவில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டிலின் கூரையில்தான் புரட்டாதிச் சனிக்குக் காகத்துக்குச் சோறு வைப்போம். காகம் வாய் வைத்த பிறகுதான் விரதக்காரர் சாப்பிடலாம். லண்டன் காகங்களுக்கு இது தெரியாது. புறா வரும், அணில் வரும், ஒருமுறை கடற்பறவை ஒன்று இலையையே இழுத்துக்கொண்டு போனது. நானும் தம்பியும் சமையலறைப் படியில் பசியோடு இருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். அப்போது அவன் என்னோடுதான் இருந்தான்.

அந்தக் காத்திருப்பில்தான் அவன் தன் உலகத்தை உண்டாக்கினான். எந்தப் புராணத்திலும் இல்லாத உலகம். அதைச் செய்தவள் ஒரு சமையற்காரி. பெரிய பானையில் எல்லாவற்றையும் காய்ச்சி, அகப்பையால் பங்கு போட்டாள். ஆற்றுக்கு ஓட்டம், நரிக்கு வால், மழைக்குச் சத்தம். பங்கு வாங்க எல்லோரையும் கூட்டிவர ஒருவனை அனுப்பினாள். மூலைமுடுக்கெல்லாம் ஓடி, கடைசி ஆளையும் அனுப்பிவிட்டு அவன் திரும்பியபோது, பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. அவன் முதலே சாப்பிட்டிருப்பான் என்று அவள் நினைத்துவிட்டாள். அங்கே தீமை அப்படித்தான் பிறந்தது. அவனுக்குத் தம்பி வைத்த பெயர் பங்கில்லாதவன்.

பங்கில்லாதவன் யாரையும் அடிக்க மாட்டான், எதையும் பறிக்க மாட்டான். நாலு பேர் பகிர்ந்து சாப்பிடும் இடத்தில் போய் இருந்து, ஒவ்வொருவர் காதிலும் "உன்னுடையது சின்னது" என்று மட்டும் சொல்வான். மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். முதல் சண்டையும் முதல் பொய்யும் முதல் கொலையும் அப்படி வந்தவைதான். எனக்குப் பயமாக இருக்கும், ஆனாலும் கேட்பேன். அவனுக்கு என்ன முடிவு என்று கேட்டால், தம்பி "காகம் வந்திட்டுது, எழும்பு அக்கா" என்பான். வந்திருப்பது புறாவாக இருக்கும். புறாவும் கணக்கில் சேரும் என்று சட்டம் போட்டவன் அவன்தான்.

கல்யாணம் முடித்துத் தம்பி லண்டனின் மறுகோடியில் இருக்கும் தோர்ண்டன் ஹீத்துக்குப் போன பிறகும் கொஞ்சக் காலம் புரட்டாதிக்கு வந்தான். பிறகு பிள்ளை, பிறகு பெற்றோல் நிலையத்தில் சனிக்கிழமை ஷிப்ட். கோபதாபம் ஒன்றும் இல்லை. வா என்று நானும் கேட்டதில்லை. கேட்டு அவன் ஏலாது என்று சொல்லிவிட்டால் தாங்க மாட்டேன். சொந்தத் தம்பியிடம்கூட ஒன்றைக் கேட்க எனக்கு வாய் வராது.

இந்த வருடம் கடைசிச் சனி, சோறு வைத்துவிட்டு நெடுநேரம் படியில் இருந்தேன். அணில்கூட வரவில்லை. தம்பியின் குரலைக் கேட்க வேண்டும்போல இருந்தது. போன் எடுக்க ஒரு சாட்டு வேண்டுமே என்று, பங்கில்லாதவனுக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

யார் அது என்று கேட்டான். நான் நினைவுபடுத்தியதும் சிரித்தான். "அதெல்லாம் பசியிலை சொன்னது அக்கா. எனக்கே மறந்து போச்சு."

போனை வைக்க மனம் வரவில்லை. கதை சொல்லிப் பழக்கமில்லாத நான், எனக்குத் தெரிந்த மாதிரி ஒரு முடிவைச் சொல்லத் தொடங்கினேன். சமையற்காரி அகப்பையோடு போய் அவனை மலையடியில் மடக்கினாள், ஒரே அடியில் கொன்றாள், அதோடு உலகம் சுகமாக இருந்தது என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது. தம்பி வேலையிடத்தில் யாரையோ காசு கட்ட அடுத்த டில்லுக்குப் போகச் சொல்வது கேட்டது.

"அப்பிடி இல்லை அக்கா," என்றான். இப்போது சிரிக்கவில்லை. "அவனைக் கொல்ல ஏலாது. அவனுக்கெண்டு ஒருத்தரும் எடுத்து வைக்கேல்லை. அதுதானே அவன். அதை என்னெண்டு கொல்லுறது?"

"அப்ப அவள் என்னடா செய்தவள்?"

"அது பெரிய கதை. போனிலை சொல்லேலாது."

"அப்ப வந்து சொல்லு," என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் கேட்டுவிட்டேன் என்பதே எனக்கு உறைத்தது. அவனுக்குப் பின்னால் யாரோ பம்ப் இலக்கம் சொன்னார்கள்.

"ஆறு மணிக்குத்தான் ஷிப்ட் முடியும். அங்கை வர எட்டாகும். அதுவரைக்கும் பசி கிடக்காதை, என்ன?"

ஓம் என்றேன். காலையில் எனக்கு மட்டும் அளவாகத்தான் உலை வைத்திருந்தேன். போனை வைத்துவிட்டு இன்னும் ஒரு சுண்டு அரிசி கழுவினேன்.