ஸ்டிக்கர் பொட்டு

திரையில் காட்டும் மாதிரியை வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட பிறகே இயந்திரம் மரத்தைச் செதுக்கலாம் என்பது மலேசியாவின் குளுவாங் ஊரில் இருந்த அந்த மரச்செதுக்குக் கடையின் விதி. விதிமுறைகளைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்ற எனக்கே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. மரத்தில் செதுக்கக் கொடுத்த, மறைந்த மனைவியின் புகைப்படத்தில் வெளிச்சத்தை மேடாகவும் கறுப்பைப் பள்ளமாகவும் கணினி எடுத்துக்கொண்டதால், அவளுடைய கறுப்புப் பொட்டு நெற்றியில் குழியாகியிருந்தது.

“பொட்ட எடுத்துடலாமா, சார்?” என்றார் கடைக்காரர்.

“சுமங்கலியா போனவ. உங்க கம்ப்யூட்டருக்கு அது தெரியாதுலா.”

அம்மா இல்லாத வீட்டுக்கு வரமாட்டேன் என்று சிங்கப்பூரிலேயே இருந்துவிட்ட மகளுக்கு அந்த மாதிரியை அனுப்பி, என்ன செய்யலாம் என்று கேட்டேன். நான் வேலை பார்த்த அரசாங்க இலாகாவே இதைவிடச் சீக்கிரம் பதில் போட்டிருக்கும்.

“நெத்திய வெறுமனே விடச் சொல்லுங்கப்பா. அம்மாவோட ஸ்டிக்கர் பொட்டு அட்டை என்கிட்ட இருக்கு. நானே வந்து ஒட்டுறேன்” என்று அவள் எழுதியது தீபாவளிக்கு முதல் நாள்.