சந்தனம் வைத்த மெஷின்

ராக்கப்பன் அண்ணன் அதிகம் பேசாத ஆள் என்று சொல்பவர்கள் அவரிடம் மெஷினைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். ஷார்ஜாவில் ரோடு போடும் கம்பெனியில் அவருக்கு ஒரே வேலை. ஜேசிபி தோண்டுவதற்கு முன்னால், நீளக் கம்பின் நுனியில் வட்டத் தட்டு வைத்த அந்த மெஷினைத் தரையை ஒட்டி ஆட்டியபடி நடப்பார். அடியில் கேபிளோ குழாயோ இருந்தால் அது கூவும். கூவிய இடத்தில் வெள்ளைப் பெயிண்ட் அடிப்பது என் வேலை. வெள்ளிக்கிழமை லீவிலும் அதைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அண்ணிக்குக்கூட இந்தக் கவனிப்பு கிடைத்திருக்காது என்று நாங்கள் தங்கியிருந்த முவைலா கேம்ப்பில் கிண்டல் செய்வோம். "அவ கூவுனா நிறுத்த முடியாதுப்பா, இதுக்கு சுவிட்ச் இருக்கு" என்பார்.

ஜேசிபி ஓட்டிய கார்மேகம் எங்கள் ரூம்தான். அவனைத் தன் சொந்த அண்ணன் மகள் நாகவள்ளிக்குப் பேசி முடித்தவரே இவர். ஐப்பசியில் முகூர்த்தம். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். அப்போதுதான் சனியன் பித்தளை ரூபத்தில் வந்தது.

நாங்கள் வேலை செய்த ரோட்டை ஒட்டி ஒரு பழைய கல்லறைத் தோட்டம். யுத்த காலத்தில் இங்கே வந்து செத்த சிப்பாய்கள். ஒவ்வொரு கல்லிலும் பெயர் வெட்டிய பித்தளைத் தகடு. அதில் ஒன்றைக் காணோம். கார்மேகம் தினமும் மதியம் அங்கே உள்ள மரத்தடியில்தான் சாப்பிடுவான். கேட்டதும் அதை மறைக்காமல் சொல்லியும்விட்டான். பழைய பித்தளைக்கு ஆசைப்பட்டுக் கழற்றியிருப்பான் என்று பேச்சு கிளம்பியது.

எஞ்சினியர் சிவசங்கரன் நல்ல மனுஷர்தான், ஆனால் பயந்துபோயிருந்தார். "அந்தத் தகட்டைக் கழட்டினாலும் கேஸ், வித்தாலும் கேஸ், வாங்கின கடைக்காரனுக்கும் கேஸ். அது கிடைக்கிற வரைக்கும் கார்மேகத்துக்கு லீவு மாஃபி, கிடையாது" என்றார்.

ராக்கப்பன் அண்ணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. திருட்டுப் பட்டம் கட்டிய மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரில் தன் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? நேராகக் கல்லறைத் தோட்டத்துப் பொறுப்பில் இருந்த ஜுபைதாவிடம் போய் நின்றார். கீழக்கரைப் பெண், கண்டிப்பானவள்.

"மெஷினோட உள்ள வரவே கூடாதுண்ணே. புதையல் தேடுறவங்க தொல்லை, அதான் சட்டம்" என்றவள், அவர் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தாள். மேலே பேசி அனுமதி வாங்கினாள். "நாளைக்குக் காலையில ஒரு தடவ. மண்வெட்டி கூடாது. மணலைக் கையாலதான் ஒதுக்கணும்."

அன்று ஆயுத பூஜை. சாயங்காலம் கேம்ப்பில் ஜேசிபிக்கு மாலை, டயருக்கு எலுமிச்சம்பழம், மெஷினுக்குச் சந்தனம் குங்குமம். கார்மேகம் கண்ணை மூடி வெகுநேரம் கும்பிட்டான்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் சுவிட்சைப் போட்டதும் மெஷின் கூவியது. நாலு அடி தள்ளினால் அங்கேயும் கூவல். கல்லைவிட்டு விலகி வெறும் மணலில் நின்றாலும் கூவல். சிவசங்கரன், "அடியில பூரா குண்டுச் சிதறலா இருக்குமோ?" என்றார். ராக்கப்பன் அண்ணனுக்கு வியர்த்து ஊற்றியது. வேண்டாத தெய்வமில்லை. வெறுத்துப்போய் மெஷினை வானத்துக்குத் தூக்கினார். அப்போதும் கூவியது.

ஜுபைதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆகாசத்துலயுமா தகடு இருக்கு? திருப்பிப் பாருங்கண்ணே."

தட்டின் அடியில் சந்தனம் அப்பி, அதில் ஒரு திர்ஹம் காசு ஒட்டியிருந்தது. கார்மேகம் தலையைச் சொறிந்தான். "காணிக்கை மாமா. தகடு கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டு ஒட்டுனேன்."

"கல்யாணத்தன்னைக்குத் தாலியையும் மெஷின்ல கட்டிராத" என்றார் ராக்கப்பன் அண்ணன். சிவசங்கரன்கூடச் சிரித்தார்.

காசை எடுத்ததும் மெஷின் அடங்கியது. அடங்கியது அடங்கியதுதான். கற்களை நெருங்காமல் வரிசை வரிசையாக நடந்தோம், சத்தமே இல்லை. கார்மேகத்தின் முகம் சுண்டிக்கொண்டே வந்தது. கடைசியில் வேலியோரம், காற்று மணலைக் குவித்திருந்த மேட்டில் அது கூவியது. ஐந்து பேரும் மண்டியிட்டுக் கையால் அள்ளினோம். தகடு வந்தது. திருகாணி துருப்பிடித்து ஒடிந்து, பாதி அதிலேயே ஒட்டியிருந்தது.

"யாரும் கழட்டல. தானா ஒடிஞ்சு காத்துல வந்திருக்கு" என்று ஜுபைதா போட்டோ எடுத்தாள். சிவசங்கரன் கார்மேகத்தின் முதுகில் தட்டி, "கலாஸ், முடிஞ்சுது. யல்லா, ஊருக்குக் கிளம்பு" என்றார். ராக்கப்பன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கார்மேகம் அதற்குள் தகட்டைச் சட்டையால் துடைத்து, ஏதோ வெள்ளைக்காரப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான். "வயசு இருபத்தி மூணு. பாவம், லீவு கிடைக்காமலே போயிட்டாரு மாமா."

ஜுபைதா சொன்னபடி அவனே அதைக் கல்லோடு வைத்துப் பிடிக்க, அவள் புதுத் திருகாணி முடுக்கினாள். கிளம்பும்போது கார்மேகம் கல்லைப் பார்த்து, "போயிட்டு வரேன் சார்" என்றான்.

இழவு வீட்டிலேயே சொல்லக் கூடாத வார்த்தை. ராக்கப்பன் அண்ணன் பதறி அவன் கையைப் பிடித்தார். "எங்க நின்னு என்ன பேச்சுடா பேசுற?"

"வராம எப்படி மாமா? கல்யாணம் முடிஞ்ச சேதிய இவர்கிட்ட யாரு சொல்லுவா?"

அண்ணன் கல்லைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். பிடித்த கையை விட்டார்.

"அப்ப எனக்கும் சேத்து, போயிட்டு வரோம்னே சொல்லு" என்றார்.