சென்னைக்குப் போகாத சர்வர்

செண்பகம் போய்விட்டாள் என்று அவள் தம்பி மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தபோது, நான் ஆபீசில் ஒரு பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன். பில் அடித்ததில் தப்பு. போனை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டைத் தொடர்ந்தேன். பாதியில்தான் என் காதில் விழுந்தது இன்னதென்று எனக்கே உறைத்தது. திட்டு வாங்கிய அந்தப் பெண்ணே நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தாள்.

மறுநாள் செண்பகம் வீட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். சென்னையிலிருந்து வந்திருந்த அவளுடைய சொந்தக்காரர் ஒருவர், "மெட்ராஸ் போயிருந்தா எங்கயோ இருந்திருப்பா. இந்தத் தீப்பெட்டி ஆபீசுல கெடந்து வீணாப் போயிட்டா, பாவம்" என்றார். சுற்றியிருந்தவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. சாவு வீட்டில் சண்டை வேண்டாமே என்று வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்தேன். அங்கே விழுங்கியதை இங்கே எழுதுகிறேன். அவளைத் தெரிந்தவர்கள் நீங்கள். இனி யாராவது அவளைப் பாவம் என்றால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

நானும் அவளும் அந்தத் தீப்பெட்டி ஆலையின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். நான் கயத்தாற்றிலிருந்து பஸ்ஸில் வருவேன். அவளுக்கு வீடு கோவில்பட்டியிலேயே, ஸ்டேஷனுக்குப் பின்னால். வடக்கே எங்கள் தீப்பெட்டியை விற்கிற டெப்போக்காரர்கள் போனில் கத்திச் சொல்லும் ஆர்டரைக் காதில் வாங்கி, பில் அடித்து, லாரிக்குச் சொல்லிவிடுவதுதான் எங்கள் வேலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவள் குரல் எதற்கும் உயராது. அதனாலேயே எங்களுக்குள் ஒத்துப்போனது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கோடையில், சென்னையில் ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருந்த முதலாளியின் மகன் வந்து இறங்கினார். சின்ன முதலாளி என்போம். கம்பெனிக் கணக்கு மொத்தத்தையும் ஒரே இடத்தில் வைக்கிற பெரிய சர்வர் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கப் போவதாகவும், அது சென்னையில்தான் இருக்கும் என்றும், எங்கள் செக்‌ஷனும் அங்கேயே போய்விடும் என்றும் சொன்னார். கூட வந்த, சர்வர் விற்கிற சென்னைக் கம்பெனியின் இன்ஜினியர் காரணங்களை அடுக்கினார். இங்கே கரண்ட் அடிக்கடி போகும், கரிசல் புழுதி மிசினைத் தின்றுவிடும், வெயில் தாங்காது, பழுது பார்க்க ஆள் கிடையாது. "யாருக்கும் வேலை போகாது, எல்லாரும் சென்னைக்கு வரலாம்" என்று சின்ன முதலாளி பெரிய மனசோடு முடித்தார்.

வரலாமாம். எங்களில் எவளை வீட்டில் சென்னைக்கு அனுப்புவார்கள்? காலைப் பஸ்ஸில் வந்து விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்புகிறவர்கள் நாங்கள். பாதிப் பேர் சின்ன வயதில் தீப்பெட்டி ஒட்டி, அந்தப் பசையும் மருந்தும் மணக்கிற கையோடு படித்து, ஒரு நாற்காலிக்கு வந்து சேர்ந்தவர்கள். செக்‌ஷன் போனால் திரும்பவும் குச்சி அடுக்கத்தான் போக வேண்டும். அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் வரலாம் என்றார்.

நான் ஏதோ கத்தப் போனேன். செண்பகம் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு எழுந்தாள். "சார், மிசினை இங்கனயே வைங்க. தீபாவளி வரைக்கும் பாருங்க. ஒருநாள் வேலை நின்னாலும் நானே லாரில ஏத்தி அனுப்புதேன்" என்றாள். சின்ன முதலாளி சிரித்தார். கூட இருந்த அவருடைய அப்பா, நாங்கள் பெரியவர் என்கிற முதலாளி, சிரிக்கவில்லை. சரி, இருக்கட்டும் என்றார். வெளியே வந்ததும், இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயே என்று அவளைத் திட்டித் தீர்த்தேன். "குடுத்தது வாயைத்தானட்டி. மிச்சத்தை இனிமேக் குடுப்போம்" என்றாள்.

பெட்டி வந்தது. முன்பக்கத்தில் நான்கு டிஸ்க்குகள், கைப்பிடியோடு, மேசை இழுப்பறை மாதிரி. நான்கையும் தனித்தனியாக விடாமல் ஒரே தொகுதியாகக் கட்டினாள். எந்தக் கணக்கும் ஒரே டிஸ்க்கில் முழுதாக இருக்காது, நான்கிலும் பிரிந்து கிடக்கும், ஒன்று கெட்டால் மற்ற மூன்றையும் வைத்து அதிலிருந்ததைத் திரும்பக் கணக்கிட்டுவிடலாம். ஒரு டிஸ்க்குக்கு உண்டான இடம் இதிலேயே போய்விடும். காசைக் கொட்டி வாங்கியதில் கால்வாசியை ஏன் வீணாக்குகிறாய் என்று பெரியவர் கேட்டார். "சப்பரத்துக்கு நாலு பேரு தோள் குடுக்காவ முதலாளி. ஒருத்தர் விலகினா மூணு பேரு தாங்கிருவாவ. ரெண்டு பேரு ஒண்ணா விலகினாத்தான் சாமி கீழ வரும்" என்றாள்.

ஜன்னல்களுக்குப் பழைய வேட்டியை மடிமடியாக வைத்து அடித்தாள். கரண்ட் போனால் தாங்குவதற்கு, கயத்தாற்றில் லாரி வேலை பார்க்கிற என் மாமாவிடம் சொல்லி லாரி பேட்டரிகளாக வாங்கி வரிசையாக நிறுத்தினாள். இதென்ன சர்வரா, லாரி ஷெட்டா என்று சென்னை இன்ஜினியர் போனில் கிண்டல் செய்தார். பேட்டரிக்கு லாரி எது, சர்வர் எது என்று தெரியாது என்று பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அடுத்தது ரிமோட் டெஸ்க்டாப். மிசின் எங்கள் ஊரில், திரை மட்டும் டெப்போவில். அங்கே இருப்பவர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் எங்கள் சர்வருக்குள்ளேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஒவ்வொரு டெப்போவுக்கும் தனிப் பெயர் போட்டு, யார் எதைத் திறக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று பிரித்துக் கொடுத்தாள். லைன்தான் சனியன் மாதிரி அடிக்கடி அறுந்தது. அறுந்தாலும் உள்ளே நடந்துகொண்டிருந்த வேலை கலையாமல் அப்படியே நிற்கும்படி வைத்திருந்தாள். திரும்ப நுழைந்தால் பாதி அடித்த பில் பாதியிலேயே காத்திருக்கும். டெப்போக்காரர்களுக்கு அது ஏதோ வித்தை மாதிரி இருந்தது. கத்திப் பேசுகிற போன்கள் ஓய்ந்துபோயின. "நாம எங்கயும் போக வேண்டாம்ட்டி. அவிய இங்கன வரட்டும், கம்பி வழியா" என்பாள்.

கோடை போனது, ஆடிக் காற்றும் போனது. மிசின் நிற்கவில்லை. கடைசியில் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது புழுதியும் இல்லை, வெயிலும் இல்லை. ஆயுத பூஜை.

அன்றைக்கு எங்கள் ஆலையில் பொட்டு வாங்காத சாமான் இருக்காது. தராசு, ஃபேன், டெலிபோன், எல்லாவற்றுக்கும் உண்டு. அது பண்டல் பகுதி மேஸ்திரி வேலுச்சாமி அண்ணாச்சியின் பொறுப்பு. மேலோடு துடைத்துவிட்டுப் பொட்டு வைப்பது அவருக்கு ஆகாது. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றித் துடைத்துத்தான் வைப்பார். செண்பகம் கழுகுமலையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் ஷெட்டில் பொரிகடலை பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். சந்தனக் கிண்ணத்தோடு சர்வர் அறைக்குள் போன அண்ணாச்சி அந்தக் கைப்பிடிகளைப் பார்த்திருக்கிறார். கைப்பிடி இருந்தால் இழுக்க வேண்டியதுதானே? ஓடிக்கொண்டிருந்த மிசினிலிருந்து ஒன்றை உருவினார். பக்கத்திலிருந்ததையும் உருவினார். இரண்டையும் துண்டால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பக்தியோடு திரும்பச் செருகினார்.

பூஜை எங்களுக்குத்தான். வடக்கே டெப்போக்களில் வேலை நடந்துகொண்டிருந்தது. அத்தனை திரையும் ஒன்றாக உறைந்து, போன்கள் அலறின. சின்ன முதலாளியும் கூப்பிட்டார். சர்வர் செத்துப்போச்சா என்று கேட்ட அவர் குரலில் எனக்குச் சந்தோஷம்தான் கேட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊர்க் காவலுக்கு நிற்கிற அம்மனைக்கூட அன்றைக்கு நான் விட்டு வைக்கவில்லை, வாயில் வந்தபடி ஏசினேன்.

செய்தி போய், செண்பகம் கிடைத்த பஸ்ஸில் நின்றபடியே வந்து சேர்ந்தாள். டிஸ்க்குகளில் இருந்த பொட்டைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. என்னையும் அண்ணாச்சியையும் தவிர எல்லாரையும் வெளியே அனுப்பினாள். அண்ணாச்சி, தான் தொடவே இல்லை என்று சாதித்தார். விரலெல்லாம் சந்தனம். வேலை போய்விடும் என்ற பயம் மனுஷருக்கு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நானாக இருந்தால் அவரை உலுக்கியிருப்பேன். அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். "அண்ணாச்சி, ஒங்க பேரு இந்த ரூமைத் தாண்டாது. எதை மொதல்ல உருவுனீங்க? அது ஒண்ணு மட்டும் எனக்கு வேணும்" என்றாள்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. முதலில் உருவியது பழசாகிவிட்டது, ஏனென்றால் அதற்குப் பிறகும் மற்ற மூன்றிலும் கணக்கு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவதை உருவியபோதுதான் எல்லாம் நின்றது, ஆகவே அதில் இருப்பது கடைசி நிமிஷம் வரைக்கும் சரி. இரண்டாவதை நம்பி எழுப்பினால் எல்லாம் திரும்பும். மாற்றி எழுப்பினால் மொத்தக் கணக்கும் குழம்பிப் போகும்.

அண்ணாச்சி தண்ணீரைக் குடித்து முடித்தார். "பொட்டு வைக்கையில கெழக்கோரத்துலருந்துதான் ஆரம்பிப்பேன் தாயி. எந்த வருசமும் மாத்துனதில்ல."

கிழக்கோரத்து டிஸ்க்கை ஒதுக்கிவிட்டு, அதற்கு அடுத்ததை நல்லது என்று மிசினுக்குச் சொன்னாள். கடைசிப் பொத்தானை அழுத்தினாள். திரை கறுப்பாகவே கிடந்தது, பிறகு எழுந்தது. விளக்கு வைப்பதற்குள் டெப்போக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்துவிட்டார்கள். ஒதுக்கிய டிஸ்க்கையும் திரும்பச் சேர்த்து, மற்ற மூன்றிலிருந்து அதை நிரப்ப விட்டாள். அப்புறம்தான் பொரிகடலை கேட்டாள்.

சின்ன முதலாளி அடுத்த ரயிலில் வந்தார். எல்லாரையும் நிற்க வைத்து, யார் கை வைத்தது என்று கேட்டார். "அதைச் சொல்ல ஏலாது சார். ரூமைப் பூட்டாமப் போனவ நான். என்னைக் கேளுங்க" என்றாள். அப்படியென்றால் லாரியைக் கூப்பிடு என்றார் அவர். அதே குரலில், "ஒருநாள் வேலை நின்னாத்தானே லாரி. மிசின் அன்னைக்கே ஓடிட்டுல்லா? மெட்ராசுலயும் ஆயுத பூஜை உண்டுல்லா சார்?" என்றாள். பெரியவர் இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். சர்வர் எங்கள் ஊரிலேயே நின்றது. அடுத்த வருஷத்திலிருந்து பூஜைக்கு முன்பே ஒரு உபரி டிஸ்க்கை எடுத்து வேலுச்சாமி அண்ணாச்சி கையில் கொடுத்துவிடுவாள், ஆசை தீரப் பொட்டு வைத்துக்கொள்ளட்டும் என்று.

பந்தலில் பேசிய அந்த மனிதருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கிண்டல் செய்த அதே சென்னைக் கம்பெனி, பிறகு அவளை வேலைக்குக் கூப்பிட்டது. இரண்டு தடவை கூப்பிட்டது. போக முடியாமல் அவள் இங்கே கிடக்கவில்லை ஐயா. போக மாட்டேன் என்று இருந்தாள். கழுகுமலையிலிருந்தும் மணியாச்சியிலிருந்தும் புதிதாக வந்த பெண்களை ஒவ்வொருத்தியாக அந்த மிசின் முன்னால் நிற்க வைத்து, கழற்ற விட்டு, கட்ட விட்டு, திட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுகிற வேலையை என்னிடம் விட்டிருந்தாள்.

புற்று என்று தெரிந்த பிறகும் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து லேப்டாப் வழியாக எங்கள் சர்வருக்குள் வந்துவிடுவாள். படுத்துத் தூங்கு என்று போனில் கத்துவேன். "ஒடம்புதான்ட்டி இங்கன கெடக்கு. நான் கோவில்பட்டிலதான் இருக்கேன்" என்பாள். எவ்வளவு வலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதற்காக இன்றைக்கும் அவள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. போகப் போக வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது. அந்தச் சமயத்தில்தான் ஒரு டிஸ்க் நிஜமாகவே செத்தது. மணியாச்சிப் பெண் அதை உருவி உபரியைச் செருகினாள், கழுகுமலைப் பெண் திரையில் பார்த்துக்கொண்டாள், மிசின் ஒரு நொடியும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது இதைச் சொன்னேன்.

"எங்கிட்டக் கேக்கலையா?" என்றாள்.

கேட்கவில்லை என்றேன். கோபித்துக்கொள்வாளோ என்று இருந்தது. அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது, முகம் சிரித்தது. "நல்லது. இனி எனக்குப் பயமில்லட்டி" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

கருமாதி முடிந்த மறுநாள் சின்ன முதலாளி போன் செய்தார். பெரியவர் இப்போது ஆலைப் பக்கம் வருவதில்லை. இரங்கல் சொன்னார், நல்லபடியாகத்தான் சொன்னார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். இனி அவள் இல்லை, சர்வரைப் பார்க்க அங்கே ஆள் இல்லை, வண்டி அனுப்புகிறேன், ஏற்றிவிடுங்கள் என்றார். செக்‌ஷன் பெண்கள் எல்லாரும் கையில் இருந்ததை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். வழக்கமாக நான் கத்துகிற இடம் அது. எனக்குக் கத்த வரவில்லை.

"ஏலாது சார்" என்றேன். "பாக்குறதுக்கு ஆளு இருக்கு. ரெண்டு மாசமா அவ உள்ள வரலை. ஓட்டுறது நாங்கதான். வித்தியாசம் ஏதும் தெரிஞ்சுதா சார்?"

அவர் பேச்சை மாற்றி, வடக்கே போன லோடு என்ன ஆயிற்று என்று கேட்டார். உங்கள் திரையிலேயே இருக்கிறது, பாருங்கள் என்றேன்.

செண்பகத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதுதான்: குரலை உயர்த்தாமல் ஏலாது என்று சொல்லிவிட்டு, வேலையைப் பார்ப்பது. வண்டி வரவில்லை. வந்தாலும் காலியாகத்தான் திரும்பும்.