கோபன்ஹேகன் போகிறவருக்கு ஒரு பக்கம்

எழுபதுகளின் கடைசியில் துபாய் தேராவில் ஒரு டிராவல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்தேன். விசா படிவம் நிரப்புவது, டிக்கெட் கவரில் பெயர் அடிப்பது, இதுதான் வேலை. நான் ஊரிலிருந்து வந்ததே கப்பலில். விமானத்தில் அதுவரை கால் வைத்ததில்லை.

ஒரு நாள் எங்கள் பழைய வாடிக்கையாளரான அரபு வியாபாரி ஒருவர், ஜூன் மாதம் மனைவியோடு கோபன்ஹேகன் போக டிக்கெட் கேட்டு வந்தார். பால்பண்ணை இயந்திரம் பார்க்கப் போகிறாராம். எங்கள் மேனேஜர் பம்பாய்க்காரர்; அரபு முதலாளி யார் வந்தாலும் "அர்பாப்" என்றுதான் கூப்பிடுவார். "அர்பாப், அந்த ஊரில் எப்படி நடந்துகொள்வது, என்ன சாப்பிடுவது எல்லாம் ஒரு பக்கத்தில் டைப் அடித்துத் தருகிறோம்" என்று இந்தியில் வாக்குக் கொடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் போனதும் சொன்னேன். "எனக்கு அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாதே, சார்."

"எனக்கும்தான் தெரியாது. நாளைக்குள் வேண்டும்."

நல்லவேளையாக என் அறையில் ஓர் அண்ணாச்சி இருந்தார். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக்காரர். துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். அதற்கு முன் சரக்குக் கப்பலில் இருந்தவர். ஒரு முறை கப்பல் பழுதாகி மூன்று வாரம் கோபன்ஹேகனில் கிடந்திருக்கிறார். அந்தக் கதையை அவர் எடுத்தாலே அறையில் மற்ற எல்லோருக்கும் திடீரென்று துணி துவைக்க ஞாபகம் வந்துவிடும். அன்று சாயங்காலம் நானாகப் போய்க் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எழுதிக்கோ தம்பி. மொதல்ல ரோடு. சைக்கிள் போறதுக்குன்னே ஒரு பாதை உண்டு. அதுல ஏறிரக் கூடாது. கெழவி வந்து இடிச்சுப் போட்டு நம்மளையே வையும்."

"மழை?"

"குடை ஆகாது, காத்துல மடங்கிரும். நல்ல மழைக்கோட்டா எடுத்துட்டுப் போகச் சொல்லு. சனிக்கெழம மத்தியானமே கடையச் சாத்திருவான், ரொட்டிய முன்னாலயே வாங்கி வச்சிரணும். ஹோட்டல்ல ரொட்டி ஒரு துண்டுதான் வரும், அது மேல மீன் இருக்கும். மேல மூடுற துண்டு எங்கன்னு கேக்கப்படாது. நான் கேட்டேன். சிரிச்சுட்டான்."

எழுதினேன்.

"பெறகு, ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும்."

பேனாவை நிறுத்தினேன். "அண்ணாச்சி, அவர் பொழுதைப் பார்த்து ஐந்து வேளையும் தொழுகிறவர். விளையாடாதீங்க."

"பத்து மணிதாம்டே. டெக்குல நின்னு பேப்பர் படிச்சிருக்கேன்."

தொழுகை என்றதும் அவருக்கு வேறொன்று உறைத்தது. அந்த ஊரில் பன்றிக்கறி அதிகம். அந்தப் பாஷையில் அதற்கு என்ன பெயர் என்று தெரியும், எப்படி எழுதுவது என்று தெரியாது. யோசித்துவிட்டு என் தாளைப் பிடுங்கி ஒரு பன்றி வரைந்தார். காது, சுருண்ட வால் எல்லாம் இருந்தது. அதன் மேல் குறுக்கே இரண்டு கோடு இழுத்தார். "இதக் காட்டச் சொல்லு. எவனுக்கும் புரியும்."

மறுநாள் மேனேஜர் படித்தார். 'பத்து மணி' என்பதை டைப்பிங் பிழை என்று அடித்து ஏழு ஆக்கினார். படத்தைப் பார்த்ததும் சட்டென்று கவிழ்த்து வைத்தார். "அர்பாப் கையில் பன்றியைக் கொடுக்கிறாயா? நாளைக்கே நம் இரண்டு பேர் விசாவும் கலாஸ், முடிந்தது. கிழித்துப் போடு."

திருத்திய பக்கத்தை அடித்தேன். படத்தைக் கிழிக்கக் கை வரவில்லை. தெரியாமல் அந்த மனிதர் எதையாவது சாப்பிட்டுவிட்டால் அந்தப் பாவம் எனக்கல்லவா? நான்காக மடித்து டிக்கெட் கவருக்குள் செருகிவிட்டேன். பிறகு இரண்டு வாரம், ஆபீஸ் கதவு திறக்கும்போதெல்லாம் அவர்தானா என்று எட்டிப் பார்த்தேன்.

அவர் திரும்பி வந்தார். நேராக மேனேஜர் முன் உட்கார்ந்து எங்கள் பக்கத்தை மேஜையில் வைத்தார். "ஏழு மணி என்று எழுதியது யார்?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் மேனேஜரைப் பார்த்தேன்.

"பத்து மணி வரைக்கும் வெளிச்சம். நான் வாங்கிக் கொடுத்த கடிகாரம்தான் தப்பாக ஓடுகிறது, மட்டமானது என்று என் பீவி இரண்டு நாள் பேசவில்லை" என்றவர், கவரிலிருந்து படத்தை எடுத்தார். "இது யார் போட்டது?"

என் அறை நண்பர் என்றேன்.

"அச்சா ஆத்மி, நல்ல மனிதர். ஒவ்வொரு ஹோட்டலிலும் இதைத்தான் காட்டினேன். ஓரிடத்தில் சமையல்காரனே வெளியே வந்து படத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ஒரு முழு மீனைத் தூக்கிக் காட்டினான்."

"நாங்கள் எப்போதும் இப்படித்தான், அர்பாப். வாடிக்கையாளரின் நன்மைதான் முக்கியம்" என்றார் மேனேஜர்.

அன்று இரவு இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்ன மீனாம்?" என்றார்.

அன்று ஆபீஸிலிருந்து போகும்போதே வியாபாரி என்னைத் தனியாக வாசலுக்கு அழைத்திருந்தார். கோபன்ஹேகனில் பெண்கள் மழையில் சைக்கிள் ஓட்டிப் போவதை அவர் மனைவி தினமும் ஜன்னலில் நின்று பார்த்தாராம். துபாயில் பெண்கள் ஓட்டுகிற மாதிரி சைக்கிள் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். வெளியே தெரியக் கூடாது.

ஒரு வாரம் அலைந்து, ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு நர்ஸ் அக்காவிடம் நீல நிறத்தில் ஒன்று பிடித்தேன். வியாபாரி டிரைவரை அனுப்பி, மேலே துணி போர்த்தி எடுத்துப் போனார்.

ரம்ஜானுக்குப் பிறகு வேறு டிக்கெட்டுக்காக வந்தபோது, சைக்கிள் எப்படி இருக்கிறது என்று மெல்லக் கேட்டேன்.

"தினமும் முற்றத்தில் ஓட்டுகிறாள்" என்றார். "ஆடுகள்தான் கொஞ்சம் பயப்படுகின்றன."