பர்னபா போன தீவு

புலம்பெயர்ந்து வந்து பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடொன்றில் இருக்கும் அக்னெஸ் அக்கா, டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறார். சொந்த ஊர் பேசாலை. கணவர் றெக்ஸ் ஐரோப்பாவுக்கென்று புறப்பட்டு, சைப்பிரசில் லார்னக்கா என்ற ஊரில் அகதியாகத் தங்கிப்போனவர்.

எங்கள் பங்குக் குடும்பங்கள் ஞாயிறு பின்னேரங்களில் ஒவ்வொரு வீடாகக் கூடி, திருத்தூதர் பணிகள் நூலை வாரத்துக்கு ஓர் அதிகாரமாக வாசித்துவருகின்றன. சைப்பிரசு வருகிற இடமென்றால் வாசிப்பை அக்னெஸ் அக்காவுக்கு விட்டுவிடுவோம். பர்னபா அந்தத் தீவுக்காரர். பவுலோடு சாலமியில் இறங்கி, தீவைக் கடந்து பாப்போவரை போனவர். அந்த ஊர்ப்பெயர்களை அக்கா அவசரப்படாமல் வாசிப்பார்.

முன்பெல்லாம் றெக்ஸ் அண்ணை ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுப்பார். சாலமி, தீவை இரண்டாகப் பிரிக்கும் எல்லைக்கு அப்பால் இருக்கிறது, அகதிகளை அங்கே விடமாட்டார்கள் என்பார். இயேசு உயிர்ப்பித்த இலாசர் பிறகு லார்னக்காவில் ஆயராக இருந்தாராம். அவருடைய கல்லறைக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தியதாகச் சொல்வார்.

"ரெண்டாந்தரமும் செத்தவரிட்டை என்னத்தைக் கேட்டனீங்கள்?" என்று அக்கா சிரிப்பார்.

"பொறுமையைத்தான்."

அவரை இங்கே கூப்பிட அக்கா போட்ட விண்ணப்பம் இரண்டாம் முறையும் மறுக்கப்பட்ட பிறகு அழைப்புகள் நின்றுபோயின. அக்கா எடுத்தாலும் பதில் இல்லை.

சென்ற ஞாயிறு அக்கா வீட்டில் பதினைந்தாம் அதிகாரம். பவுலோடு பிணங்கிய பர்னபா, மாற்கைக் கூட்டிக்கொண்டு சைப்பிரசுக்குக் கப்பலேறுகிறார். வாசித்து முடித்த அக்கா புத்தகத்தை மூடாமல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை தேடுறாய்?" என்றார் பக்கத்திலிருந்த டனிஸ்ரன் அண்ணை.

"பர்னபாவை. பேந்து எங்கை வாறார்?"

"இதிலை வரமாட்டார். இனிப் பவுலின்ரை பயணம்தான்."

"போன ஆளை ஒருத்தரும் தேடேல்லையோ?"

"கோவமெல்லோ. எங்கடை ஆக்களும் கோவிச்சா ரெலிபோன் எடுக்காயினம்." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. தேத்தண்ணீரைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அக்கா கோபிக்கவில்லை. "அவர் அங்கைதான் இருந்திருப்பார். இவையள்தான் போய்ப் பாக்கேல்லை" என்றார்.

பிறகு கைபேசியை எடுத்து, எங்கள் முன்னாலேயே றெக்ஸ் அண்ணைக்குக் குரல்பதிவு அனுப்பினார்: "இஞ்சை வராட்டிலும் பரவாயில்லையப்பா. நான் லீவு எடுத்துக்கொண்டு அங்கை வாறன். நீங்கள் கதைக்காட்டிலும் வருவன்."

செபம் முடிந்து ரோல்ஸ் தட்டு கைமாறிக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. அக்கா அதைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"எந்த மாசமெண்டு கேக்கிறார்."