புகையிலை லொறியின் முன்விளக்குகள்

கருவாட்டு நாற்றம் சாணியால் கழுவினால் போகாது. மஞ்சள் தண்ணீருக்கும் போகாது. இந்த மூன்றுக்கும் மேலே ஓடிக்கொலோன் என்கிற வாசனைத் தண்ணீரையும் தெளித்தால் எழும்புகிற வாடை எப்படியிருக்கும் என்பது என் அளவுக்கு யாழ்ப்பாணத்தில் வேறொருவருக்கும் தெரிந்திருக்காது.

என் தகப்பனார் மலாயாவில் ரயில்வே கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்து, பென்சன் எடுத்துக்கொண்டு கொக்குவிலுக்குத் திரும்பியவர். அப்படி வந்த மற்றவர்கள் கல்வீடு கட்டினார்கள், கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தார்கள். ஐயாவுக்கு அதெல்லாம் போதவில்லை. அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரை, கட்டிலும் சமைக்கக் குசினியும் பூட்டிய மோட்டாரில் ஊர் சுற்றியதை எங்கேயோ கண்டுவிட்டு வந்திருந்தார். தானும் அப்படியொன்றில் கதிர்காமம் போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அகப்பட்டது குருநகரில் ஒரு பழைய லொறி. வள்ளங்களும் வலைகளும் வைத்திருந்த ஒரு சம்மாட்டியாருடையது. அந்த மனிதர் ஒளிவு மறைவில்லாமல் முகத்துக்கு நேரே சொன்னார்.

"ஐயா, உது பிறந்த நாள் தொடக்கம் கருவாடு ஏத்தின வண்டி. மணம் போகாது. பிறகு வந்து என்னைக் குறை சொல்லப்படாது."

ஐயா தலையை ஆட்டினார். மீன், மச்சம் என்ற சொல்லைக் கேட்டாலே வாய் கொப்பளிக்கிற மனிதர் அவர். வண்டி கொக்குவில் ஒழுங்கைக்குள் வந்து நின்றதும், எட்டிப் பார்த்த முதல் ஆளிடமே, "புகையிலை ஏத்தின லொறி" என்று சொன்னார். இரண்டாவது ஆளிடமும் அதையே சொன்னார். சொல்லிச் சொல்லி, சில நாட்களில் தானே அதை நம்பவும் தொடங்கிவிட்டார். தச்சனைப் பிடித்து, லொறியின் பழைய தளத்துக்கு மேலேயே அறை கட்டுவித்தார். இரண்டு பக்கமும் கட்டில், ஒரு மூலையில் அடுப்பு வைக்கத் தட்டு, ஜன்னலுக்குப் பூப்போட்ட சீலை. அதற்கு 'மோட்டார் வீடு' என்று பெயரும் வைத்தார். கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து காய்ந்த நெத்தலி முகத்தில் அறையும்.

இது ஐயாவின் பைத்தியத்தோடு நின்றிருந்தால் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். இதில் என் தங்கச்சியின் கல்யாணம் மாட்டிக்கொண்டது.

அம்மா காலமான பிறகு வீட்டைப் பார்த்தவள் அவள்தான். ஐயா அக்கரையில் இருந்த காலத்தில் அவளுக்கு வந்த சம்பந்தங்கள் எல்லாம் தட்டிப் போய்விட்டன. வயது ஏறிக்கொண்டு போனது. கடைசியில் அச்சுவேலியில் இருந்து ஒரு வாத்தியாரின் பேச்சு வந்தது. கோயிலில் வைத்து அவரை அவளுக்குக் காட்டினோம். வீட்டுக்கு வந்ததும், "எனக்கு விருப்பம் அண்ணை" என்றாள். அதற்கு முன் எந்த மாப்பிள்ளைக்கும் அவள் ஓம் என்றோ இல்லை என்றோ சொன்னதில்லை.

மாப்பிள்ளையின் தகப்பனார் புகையிலை வியாபாரி. அதைக் கேட்டபோதே ஐயா தன் கதையை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. "அப்ப லொறியைப் பற்றிக் கதைக்க நல்ல வசதி" என்று சொல்லிச் சிரித்தார். அதோடு, சம்பந்தி ஆகப்போகிறவர்களையும் மோட்டார் வீட்டில் கதிர்காமம் கூட்டிக்கொண்டு போய், முருகன் சந்நிதியில் வைத்து வெற்றிலை மாற்றுவது என்றும் ஏற்பாடு செய்துவிட்டார். அவர்களும் சம்மதித்தார்கள். ஆகவே அந்த வண்டி ஒழுங்காக ஓட வேண்டும். வெயிலுக்கு ஒதுங்கி இரவில் ஓடுவதென்று திட்டம் போட்டிருந்ததால் விளக்கும் எரிய வேண்டும்.

விளக்கோ எரியவில்லை.

எரியவில்லை என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. வியாழக்கிழமை பளிச்சென்று எரியும். வெள்ளிக்கிழமை மாலை சாவியைப் போட்டால் ஒரு பக்கம் சிவந்து மினுங்கும், மறுபக்கம் செத்த மீனின் கண்போல வெளிறிக் கிடக்கும். பாம் பாம் என்று ஹோணை அமத்தினால் இரண்டும் ஒடுங்கிப்போகும். சனி, ஞாயிறு போக மெல்ல மெல்லத் தேறி வரும். அடுத்த வெள்ளிக்கிழமை பழைய குருடி கதவைத் திறடி.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அது ஐயாவின் வாய்க்கு நல்ல அவல்.

"சயன்ஸ் படிச்சு என்ன கிழிச்சனீ? ஒரு விளக்கைக் கொளுத்த வக்கில்லை."

பல்பை மாற்றினேன். பற்றரியைக் கழற்றி மின்சாரம் ஏற்றுவித்துக்கொண்டு வந்தேன். சுவிச்சைப் பிரித்து, அதற்குள் குடியிருந்த கரப்பான் குடும்பத்தைத் தட்டிக் கொட்டினேன். கரப்பான்களுக்குத்தான் அந்த வண்டியில் குறையில்லை. உப்பும் எண்ணெயும் ஊறிய பலகையை நக்கி நக்கி விரலளவுக்குக் கொழுத்திருந்தன. பட்டினத்து மோட்டார் கராச்சுக்குக் கொண்டுபோவோம் என்றேன். ஐயா எரிந்து விழுந்தார். அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த லொறியைத் தெரியும், கண்டவுடன் கருவாடு என்பார்கள் என்ற பயம் அவருக்கு. வெள்ளிக்கிழமையில் ஆரோ கண்ணூறு படுத்துகிறார்கள் என்று முடிவுகட்டி, இரண்டு விளக்குக்கும் நடுவில் தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கோத்துக் கட்டினார். அந்தத் தேசிக்காய் அழுகி, அதன் சாறும் வடியத் தொடங்கியது.

கண்ணூறு எங்கேயிருந்து வந்தது என்பதை நான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வண்டிக்குக் கீழே மல்லாந்து கிடந்தபோது கண்டுபிடித்தேன். சரியாகச் சொன்னால், அதைக் குடித்தேன்.

மேலே தங்கச்சி கழுவிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை என்றால் வீடு மெழுகிக் கழுவுவது எங்கள் பக்க வழக்கம். ஐயா அதையும் வீடு என்றே சொன்னபடியால், அதற்கும் மெழுக்கு உண்டு. முழுகிவிட்டு வந்து, வாளியில் சாணியைக் கரைத்து, மஞ்சளையும் போட்டு, அள்ளி அள்ளி ஊற்றித் தேய்ப்பாள். அந்த வாடை போனால்தான் தன் கல்யாணம் என்று அவளுக்கும் தெரியும். அதனால் சும்மா கழுவமாட்டாள், உயிரைக் கொடுத்துக் கழுவுவாள். பலகை இடுக்கால் வழிந்த தண்ணீர் என் நெற்றியில் விழுந்தது, பிறகு வாய்க்குள் விழுந்தது. மஞ்சள், சாணி, வருடக் கணக்கான கருவாட்டு உப்பு, எல்லாம் ஒரே மிடறில். காறித் துப்பிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். அதே தண்ணீர், பற்றரியில் இருந்து வருகிற எர்த் கம்பியை இரும்புச் சட்டத்தோடு முறுக்கியிருந்த இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

மோட்டார் விளக்குக்கு மின்சாரம் போகும்போது கம்பி வழியாகப் போகும். திரும்பி வருவது வண்டியின் இரும்புச் சட்டத்தின் வழியாக. அந்தச் சட்டம் உப்புத் தின்று, அப்பளம்போல் அடுக்கடுக்காக உரிந்து கிடந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த அடுக்குகளுக்குள் சாணித் தண்ணீர் இறங்கி ஊறியது. காய்ந்த பிறகு கொஞ்சம் தேறியது. ஒரு துண்டுக் கம்பியை எடுத்து, பற்றரியில் இருந்து நேரே விளக்கின் கூட்டுக்குத் தொட்டுப் பார்த்தேன். பட்டப்பகலிலும் கண் கூசியது.

தங்கச்சி வாளியோடு இறங்கி வந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"அப்ப இவ்வளவு நாளும் நானே அண்ணை விளக்கை நூத்துக்கொண்டு திரிஞ்சனான்?"

"நீ இல்லை. நாறல் மீன் தண்ணி."

ஐயாவிடம் போனேன். தளத்துப் பலகையைக் கழற்றி, பற்றரியில் இருந்து இரண்டு விளக்குக்கும் தனியாக எர்த் கம்பி இழுக்க வேண்டும், அரை நாள் வேலை என்றேன்.

"பலகையிலை கை வையாதை" என்றார். "கழட்டினால் கீழை கிடக்கிறதெல்லாம் கிளம்பும். அவையள் வாற நேரத்திலை வீடு முழுக்க மணக்கும்."

"இப்ப மட்டும் மல்லிகைப்பூவே மணக்குது?"

"புகையிலை மணம் அப்பிடித்தான் இருக்கும்" என்றார், என்னைப் பார்த்து, என்னிடமே. எனக்கு முன்னாலும் அந்தப் பொய்யைச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார். அந்த நேரம் எனக்கு வந்த அருவருப்பு வண்டியின் மேல் வந்ததைவிட அதிகம்.

வேறு வழியில்லாமல், கீழே படுத்துச் சுரண்டக்கூடியதைச் சுரண்டி, எர்த் கம்பியை இறுக்கி முறுக்கிவிட்டேன். அந்தப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது என்று தங்கச்சியிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் ஈரத் துணியால் மட்டும் துடைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கு எரிந்தது. தேசிக்காய் வேலை செய்துவிட்டது என்றார் ஐயா.

பயணம் புறப்பட்டதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். சம்பந்தி வீட்டாரைக் கூட்டிவர நான் காலையில் அச்சுவேலிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் வண்டிக்கு அடியில் மஞ்சள் குளம். தங்கச்சி ஒரு பக்கமாக வந்து, "நான் சொன்னனான் அண்ணை, ஐயா கேக்கேல்லை. தானே வாளி வாளியாய் ஊத்தினவர்" என்றாள். நான் கீழே குனியப் போனேன். "நல்ல நேரம் போகுது, ஏறு" என்று ஐயா கத்தினார். ஏறினேன். வண்டியை ஓட்டியதும் நான்தான்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால் தாயும் தகப்பனும் மட்டும்தான் வந்தார்கள். நல்ல மனிதர்கள். வாடை அடித்திருக்கும், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் தாயார் தங்கச்சியைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். சாவகச்சேரி தாண்டியபோது, "மருமேள், இன்னும் கொஞ்சம் கோப்பி வாரும் பிள்ளை" என்று பின்னால் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. தங்கச்சி வார்த்த கோப்பியில் பாதி என் முதுகுப் பக்கத்துப் பலகையில் சிந்தியது. அவ்வளவு பதற்றம், அவ்வளவு சந்தோசம் அவளுக்கு.

ஆனையிறவுக்கு வரும்போது மைமல் பொழுது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒடுங்கிய ரோட்டு. விளக்கைப் போட்டேன். சிவந்தது, இரண்டு குழி விழுந்து எழும்பினோம், முழுதாக நூர்ந்து, ரோட்டே இருண்டுபோனது. ரயில் ஸ்ரேசனுக்குக் கிட்டவாக ஓரத்தில் நிறுத்தினேன். கீழே படுத்துப் பார்த்தேன். எர்த் கம்பி முறுக்கியிருந்த இரும்பு, துண்டோடு கழன்று கையோடு வந்தது. இனிப் பலகையைக் கழற்றாமல் ஒன்றும் செய்ய முடியாது.

எல்லாரையும் இறக்கிவிட்டுக் கழற்றினேன். சம்பந்தி ரோச் லைற் பிடித்தார். ஐயா ஓடிக்கொலோன் போத்தலோடு சுற்றிச் சுற்றி வந்து தெளித்தார். முதல் பலகை கிளம்பியதும் வாடை ஓங்கி அடித்தது. மாப்பிள்ளையின் தாயார் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரத்துக்கு ஓடினார். பலகைக்கு அடியில் கறுத்த களி, அதற்குள் நெத்தலித் தலைகள், வெளிச்சம் பட்ட இடமெல்லாம் மினுங்குகிற செதிள்கள்.

"உது என்ன ஏத்தின லொறி?" என்று சம்பந்தி கேட்டார்.

"புகையிலை" என்றார் ஐயா.

சம்பந்தி குனிந்து, ஒரு செதிளை விரலில் ஒட்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"நான் தலையெடுத்த நாளிலை இருந்து புகையிலை ஏத்துறவன். புகையிலைக்குச் செதிள் இருக்கிறதை இண்டைக்குத்தான் காணுறன்."

"அது ஆரோ வழியிலை..." என்று ஐயா இழுத்தார்.

"கருவாடு எண்டு முதலே நீங்கள் சொல்லியிருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்திருப்பம். அதிலை ஒரு குறையும் இல்லை." பிறகு அவருடைய குரல் மாறியது. அதுவரை ஐயாவை 'நீங்கள்' என்று மரியாதையாகக் கதைத்து வந்தவர், 'நீர்' என்று இறங்கினார். "ஒரு பழைய லொறிக்கே இப்பிடிச் சொல்லுறனீர், பிள்ளையின்ரை சாதகத்துக்கு என்ன சொல்லி எழுதுவிச்சிருப்பீர்?"

தங்கச்சியின் சாதகத்தில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. அவளுடைய வயதையும் அவள் மறைக்கவிட்டதில்லை. அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். சாணியும் கருவாடும் பூசிய கையோடு, ஐயாவின் மகனாக நின்றுகொண்டு நான் சொன்னால் யார் நம்புவார்கள்? சொல்லியும் பார்த்தேன், சம்பந்தியின் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணம் போகிற ரயில் வரும், அதில் போவோம் என்றார். அந்த அம்மா போகும்போது தங்கச்சியின் கையைப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டுக் கணவனுக்குப் பின்னால் நடந்தார்.

எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியாமல், தொடங்கிய வேலையை முடித்தேன். பற்றரியில் இருந்து நேரே கம்பியை இழுத்து முறுக்கியதும் இரண்டு விளக்கும் ஒன்றாக எரிந்தன. அந்த வண்டியில் அவ்வளவு வெளிச்சத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை. நேரே முன்னால், ஸ்ரேசனை நோக்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த இரண்டு பேரின் முதுகும் பகல்போலத் தெரிந்தது.

"பாத்தியே, எரியுது!" என்றார் ஐயா. அவருக்கு உண்மையாகவே சந்தோசம். "போறவை போகட்டும். பிள்ளைக்கு வேறை இடம் பாப்பம்."

தங்கச்சி அந்த முதுகுகள் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஐயாவின் பக்கம் திரும்பினாள். அழவில்லை.

"இனி ஆரும் வந்தால் முதல்லை கருவாட்டைச் சொல்லுங்கோ ஐயா. பிறகு என்னைப் பற்றிச் சொல்லுங்கோ. அப்பதான் என்னை நம்புவினம்."

ஐயா போத்தலின் மூடியைத் திருகி மூடினார்.

"அது புகையிலை லொறிதான் பிள்ளை" என்றார்.